பதினோராவது தாள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெருக்கல் சார் என்று பெயர். கணக்கு வாத்தியார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து கோப்புக் கட்டுகிற கிளார்க். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைப்பார், அதனால் வந்த பெயர். பிள்ளைகள் வைத்தார்கள், வாத்தியார்கள் பிடித்துக்கொண்டார்கள், கடைசியில் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் இல்லாமல் போய்விட்டது. அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆளில்லை அவர்.

சேர்க்கை வாரத்தில் அவரைப் பார்க்க வேண்டும். கம்பி போட்ட ஜன்னலுக்கு வெளியே வரிசை வாசல்வரை நிற்கும். உள்ளே ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினாறு தாள். பஸ்ஸுக்கு ஒன்று, ரத்தப் பிரிவுக்கு ஒன்று, போட்டோ எடுக்கச் சம்மதம் என்று ஒன்று, தலைமுடி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்குக்கூட ஒன்று. பதினாறையும் முந்தின நாளே அடுக்கி, மூலையில் குண்டூசி குத்தி, குறி போட்டுத் தயாராக வைத்திருப்பார். பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு" என்று தாளைப் புரட்டிக்கொண்டே போவார். ஒரு ஆளுக்கு ஒன்பது நிமிஷம். பத்தாவது நிமிஷம் ஆகிவிட்டால் மனுஷனுக்கு முகம் வாடிவிடும். வேலை தெரிந்தவர், அதில் சந்தேகமே இல்லை.

இந்தப் பதினாறில் பதினோராவது தாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நாலே வரி. "என் மகனை / மகளை என் சொந்த விருப்பத்தின் பேரில் இப்பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன். மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கீழே கையெழுத்து. தேதி போடும் இடம் மட்டும் காலி. அந்தக் காலி இடத்துக்கு அவர் குறி போடுவதில்லை.

பிள்ளையைச் சேர்க்க வந்த அன்றைக்கே விலக்கிக்கொள்ள எதற்குக் கையெழுத்து என்று நீங்கள் கேட்கிறீர்கள். வரிசையில் நின்றவர்கள் கேட்கவில்லை. இடம் கிடைத்ததே பெரிய விஷயம் என்று நிற்கிறவர்களுக்கு நாலு வரி படிக்க எங்கே பொழுது? பத்தொன்பது வருஷத்தில் நாலைந்து பேர் கேட்டிருப்பார்கள். "ஊர் மாறிப் போனீங்கன்னா இதுக்குன்னு அலைய வேண்டாம்ல சார், உங்க வசதிக்குத்தான்" என்பார் பெருக்கல் சார். அவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போட்டுவிடுவார்கள்.

யார் வசதி என்பதைக் கேளுங்கள். சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்புவதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், பிள்ளை வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும், மேலே முறையிட நாள் கொடுக்க வேண்டும். பெற்றோரே விலக்கிக்கொண்டால் இந்த வம்பு எதுவும் இல்லை. பதினோராவது தாளை எடுத்தோமா, தேதியை நிரப்பினோமா, வேலை முடிந்தது. தேதியை நிரப்புகிறவரும் பெருக்கல் சார்தான். இதற்காகவே எல்லாப் பெற்றோரையும் தன்னுடைய ஒரே ஊதா மைப் பேனாவில்தான் கையெழுத்துப் போட வைப்பார். பிறகு அவர் எழுதும் தேதியும் அதே மையில் இருக்கும் பாருங்கள். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இரண்டு மை இருந்தால் தாள் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அவரே கொண்டுவந்த ஏற்பாடு.

அப்படி இருபத்து மூன்று பிள்ளைகள் போயிருந்தார்கள். ஒரு பையனின் அப்பா பஸ்ஸில் பிரேக் சரியில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார், பையன் போனான். ஒரு பெண்ணுக்கு அடிக்கடி வலிப்பு வந்தது, அவள் போனாள். அந்த அம்மாக்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, "நாங்க எப்ப சார் விலக்குறோம்னு எழுதிக் கொடுத்தோம்" என்று அழும்போது பெருக்கல் சார் கோப்பைத் திருப்பிக் கையெழுத்தைக் காட்டுவார். காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க வைப்பார். மனசு கேட்காமல் வாசல்வரைகூடப் போய் விட்டுவிட்டு வருவார். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று கேட்டால், நல்ல மனுஷன்தான். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருக்கு ஒரே பெண். வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு என்று ஆறாம் வகுப்பில் அவளை அங்கேயே சேர்த்தார். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரம். ஆபீஸ் ரூமில் அவர் ஒருத்தர்தான். கைக்குட்டையில் விரல் துடைத்துக்கொண்டு, மகளுக்கான பதினாறு தாளையும் எடுத்து வைத்து, தனக்குத்தானே பென்சில் குறி போட்டு, தானே கையெழுத்தும் போட்டார். பதினோராவது தாளை எடுத்துக் குப்பையில் போட்டிருந்தால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. ஆனால் பதினைந்து தாளோடு ஒரு கோப்பை அலமாரியில் வைக்க அவருக்குக் கை வராது. எதற்கென்று தெரிந்துகொண்டே வேறு எந்த அப்பனும் செய்யாத தப்பு இது. கோப்பு குறையாக இருக்கக்கூடாது என்று நினைக்கிற ஒரு கிளார்க்கால்தான் இதைச் செய்ய முடியும்.

பெண் வளர்ந்து பத்தாம் வகுப்புக்கு வந்தாள். அந்த வருஷம் அரைப்பரீட்சைக்கு முன்னால் அது நடந்தது. அவள் பக்கத்தில் உட்காருகிற சிநேகிதி கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டாள். கணக்கு ஆசிரியர் காதோடு சேர்த்து ஒரு அறை விட்டார். சிநேகிதி அப்படியே பலகையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவளைப் பெற்றவர்கள் கல்வி அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள்.

பள்ளியை நடத்துகிற தாளாளர் அம்மா பெருக்கல் சாரைக் கூப்பிட்டு ஒரு படிவம் தட்டச்சு செய்யச் சொன்னார். "வகுப்பில் ஆசிரியர் யாரையும் அடித்ததை நான் பார்க்கவில்லை. அந்த மாணவி தானாகவே மயங்கி விழுந்தார்." கீழே பெயர், வகுப்பு, கையெழுத்து. நாற்பத்திரண்டு பிரதி எடுத்து வகுப்புக்கு அனுப்பினார். சாயங்காலம் திரும்பி வந்தன. வழக்கம்போல் மேஜையில் தட்டிச் சரிசெய்து எண்ணினார். நாற்பத்தோரு தாளில் கையெழுத்து இருந்தது. ஒரு தாளில் அச்சடித்த வரிகளை ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டு, பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தது. எந்தப் பீரியட், எந்தக் கணக்கு, எந்தக் கை, அடித்தபின் ஆசிரியர் என்ன சொன்னார், எல்லாம். கையெழுத்தைப் பார்க்காமலே யாருடைய எழுத்து என்று தெரிந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"இது என்ன பாப்பா?"

"நீங்கதானேப்பா கேட்டு அனுப்பியிருந்தீங்க. எழுதிக் கொடுத்தேன்."

"வகுப்பே எழுதிக் கொடுத்துருக்கு. நீ மட்டும் ஏம்மா?"

"வகுப்பே பார்த்துச்சுப்பா. நானும் பார்த்தேன். பார்க்கலன்னு எப்படிப்பா எழுதுறது?"

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே எப்படி என்று தெரியாமல் கேட்டாள். இந்தப் பெண் அப்படித்தான். சின்ன வயசில் பஸ்ஸில் அரை டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டர் வயசு கேட்டால், அம்மா கிள்ளக் கிள்ளச் சரியான வயசைச் சொல்லி முழு டிக்கெட் வாங்க வைத்தவள்.

அவளுடைய அம்மா துணி தேய்க்கிற கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க ஆவியில் நின்றுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, அவ எழுதினதுல பொய் இருக்கா?" என்றாள்.

"பொய் இல்லை."

"அப்ப ஏன் சட்டைப்பையில ஒளிச்சு வச்சுருக்கீங்க?"

மறுநாள் பெருக்கல் சார் நாற்பத்திரண்டையும் ஒன்றாகக் கட்டித் தாளாளர் அம்மா மேஜையில் வைத்தார். வீரம் என்று சொல்லிவிடாதீர்கள். நாற்பத்தொன்றை வைத்துவிட்டு ஒன்றைக் காணோம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

தாளாளர் அம்மா கத்துகிற ரகம் இல்லை. மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பொண்ணு கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு சார். இன்னொரு ஃபாரம் கொடுங்க. அதே அழகா எழுதிட்டு வரட்டும்."

மூன்று நாள் மகளிடம் பேசிப் பார்த்தார். கெஞ்சினார், ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தும் பார்த்தார். அவள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, "அது மட்டும் கேட்காதீங்கப்பா" என்றாள். நாலாம் நாள் அவர் தாளாளர் முன்னால் போய் நின்றார்.

"அவ மாட்டேங்குறா மேடம்."

"நீங்க அப்பா. சொன்னா கேட்க மாட்டாளா?"

"எல்லாம் கேட்பா மேடம். இதைக் கேட்க மாட்டேங்குறா."

"சரி. அவ கோப்பை எடுத்துட்டு வாங்க."

இங்கேதான் எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. எதற்கு என்று அவருக்குத் தெரியாதா? இருபத்து மூன்று தடவை எடுத்துக் கொடுத்த ஆள். இருந்தும் கால் தன்னால் அலமாரிக்குப் போனது. கை தன்னால் கோப்பை எடுத்தது. எடுத்துவந்து, பதினோராவது தாள் மேலே தெரியும்படி விரித்தே வைத்தார். "தேதி போடுங்க" என்றார் தாளாளர் அம்மா. பெருக்கல் சார் பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"இதை என்னால போட முடியாது மேடம்."

"பரவாயில்லை" என்று அந்த அம்மா தன் பேனாவை எடுத்து அவரே போட்டார். கறுப்பு மை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி அழவில்லை. "இத்தனை வருஷம் ஊரான் பிள்ளைக்கு எழுதினீங்க. உங்க பிள்ளைக்கு அவங்க எழுதிட்டாங்க" என்றாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சும்மா உட்கார்ந்திருக்காதீங்க. எங்க போய்க் கேட்கணுமோ அங்க போய்க் கேளுங்க" என்றாள்.

கேட்பதற்கு நாள் அதிகம் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளியிலிருந்து பெயர் பதிய வேண்டும். கடைசி நாளுக்கு ஏழு வாரம் இருந்தது. நடு வருஷத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளையை வேறு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. பெருக்கல் சாரும் மகளும் எட்டுப் பள்ளிக்கூடம் ஏறி இறங்கினார்கள். எட்டு இடத்திலும் மாற்றுச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொந்த விருப்பத்துல விலகினீங்கன்னு போட்டிருக்கே, இப்ப ஏன் அவசரம்?" என்று கேட்டார்கள். ஆகவே, பழைய பள்ளியிலேயே திரும்பச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வாங்கினால்தான் அவளுக்குப் பரீட்சை. இல்லாவிட்டால் ஒரு வருஷம் போகும். ஒரு வருஷம் கழித்தும் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பது இன்னொரு கேள்வி.

சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். சின்ன வயசு. படிக்கட்டில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டே கேஸ் கேட்பார், வேறு நேரம் கிடையாது அவருக்கு. மாற்றுச் சான்றிதழோடு கிடைத்த பதினோராவது தாளின் பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அசலைக் கேட்டு வாங்கினால் இரண்டு மை தெரியும் என்று பெருக்கல் சார் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மனு போட்டார். மனு போட்ட வாரத்திலேயே பெருக்கல் சாரை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்து ஒரு கடிதம் வந்தது. புது ஆள் தட்டச்சு செய்தது, ஏழு வரியில் மூன்று பிழை. பெருக்கல் சார் மூன்றையும் பென்சிலால் திருத்தி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு, நகலைத் திருப்பி அனுப்பினார். சாட்சி சொல்கிற ஊழியரை அதற்காக நிறுத்தக்கூடாது என்று விதி இருக்கிறதாம். அதற்கு வேறு மனு போட வேண்டுமாம். ஒவ்வொன்றாகப் போடலாம் என்றார் வக்கீலம்மா.

விசாரணை நடக்கிற முறையீட்டு அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க பழைய கோப்புக்கட்டு ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார்கள். யாருடைய வழக்கோ, அப்படியாவது உதவுகிறது. முதல் தடவை அதிகாரி வரவில்லை. இரண்டாம் தடவை பள்ளியின் வக்கீல் அவகாசம் கேட்டார். மூன்றாம் தடவை போனபோது, அடிபட்ட சிநேகிதியின் அப்பா படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். புகாரை வாபஸ் வாங்கிவிட்டு வருகிறார்.

"எங்களைத் தப்பா நினைக்காதீங்க சார்" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "எங்க பொண்ணு கோப்பையும் எடுத்து மேஜை மேல வச்சுட்டாங்க. அவளுக்கும் பரீட்சை இருக்கு."

அந்தக் கோப்பையும் குறி போட்டு அடுக்கி வைத்தவர் பெருக்கல் சார். என்னவென்று தப்பாக நினைப்பார்? "காது எப்படி இருக்கு" என்று மட்டும் கேட்டார். "ஒரு பக்கம் அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அதிகாரி நாலாம் தடவைக்கு நாள் குறித்தார். அந்த நாளிலிருந்து பெயர் பதியும் கடைசி நாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. முந்தின நாள் வக்கீலம்மா பெருக்கல் சாரையும் மகளையும் படிக்கட்டில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"சார், ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். அந்தத் தாளைப் படிச்சுப் பார்த்துப் போட்டீங்களான்னு கேட்பாங்க. படிக்கல, குவியலோட குவியலா போட்டேன்னு சொல்லுங்க. முடிஞ்சுது. தெரியாம போட்ட கையெழுத்து செல்லாதுன்னு இதே அதிகாரி போன வருஷம் ரெண்டு கேஸ்ல உத்தரவு போட்டிருக்கார்."

"டைப் அடிச்சதே நான்தானேம்மா."

"அது அவங்க வாயில இருந்து வராது சார். இப்படி ஒரு தாள் வழக்கமா வாங்குறதே இல்லை, நீங்களா எழுதிக் கொடுத்தீங்கன்னு பதில் மனுவுல சொல்லியிருக்காங்க. நீங்கதான் டைப் அடிச்சீங்கன்னு அவங்க சொன்னா, எல்லாருக்கும் அடிக்கிறதுண்டுன்னு ஆயிடும். மாட்டிக்குவாங்க. அதனால நீங்க படிக்கலன்னு சொன்னா யாராலயும் மறுக்க முடியாது. புரியுதா?"

"புரியுது" என்றார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனபின் கண்ணாடி முன்னால் நின்று, "படிக்கலைங்க, குவியலோட குவியலா போட்டேன்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாகவே வந்தது.

மறுநாள் மகளும் சீருடையில் வந்திருந்தாள். பிள்ளை வாயால் கேட்க வேண்டும் என்று விதி இருப்பதால் அவளையும் கேட்பார்கள் என்று வக்கீலம்மா வரச்சொல்லியிருந்தார். ஜன்னலோரப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அதிகாரியின் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் பழைய காலண்டர் தாள்கள் இருந்தன. பள்ளியின் வக்கீல் நரைத்த மீசைக்காரர், மரியாதையான ஆள். பதினோராவது தாளைப் பெருக்கல் சார் பக்கம் தள்ளி வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?"

வாயைத் திறந்தார். ஒத்திகை பார்த்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. பெஞ்சில் மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்ததைப் பார்க்கலன்னு எழுதத் தெரியாமல்தானே இவள் படிப்பை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள், இவள் முன்னால் எப்படி என்று நினைத்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று அழுத அம்மாக்களின் நினைப்பும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிட்டால் இனிமேல் ஒரு பிள்ளைக்கும் இது நடக்காது, நம் பிள்ளைக்கும் நியாயம் கிடைக்கும் என்று அந்த நிமிஷத்தில் அவர் நிஜமாகவே நம்பினார். பாவம், பத்தொன்பது வருஷம் ஆபீஸில் உட்கார்ந்தும் புத்தி வரவில்லை.

"படிச்சுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லைங்க, எனக்கு மனப்பாடம்" என்றார். "டைப் அடிச்சவனே நான்தான்."

வக்கீலம்மா கையிலிருந்த பேனாவை மெதுவாக மேஜையில் வைத்தார். பெருக்கல் சார் நிறுத்தவில்லை. பத்தொன்பது வருஷக் கதையைச் சொன்னார். தேதி இல்லாமல் வாங்குவது, ஊதா மை, இருபத்து மூன்று பிள்ளைகள். ஒன்றையும் விடவில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார், அப்புறம் எழுதுவதை நிறுத்திக் கையைக் காட்டினார்.

"இருங்க, இருங்க. இன்னைக்கு என் முன்னால இருக்கிறது உங்க பொண்ணு மனு மட்டும்தான். மத்தவங்களுக்குக் குறை இருந்தா அவங்க தனியா மனு போடட்டும்."

மீசைக்கார வக்கீல் சட்டென்று எழுந்தார். கெட்டிக்காரர், கெட்ட செய்தியைக் கூட அரை நிமிஷத்தில் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மத்தவங்க எப்படிப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. உங்களைக் கேட்கிறேன். இந்தத் தாள் எதுக்குன்னு உங்களுக்கு முழுசா தெரியும்?"

"தெரியும்."

"தேதியைப் பின்னால நிரப்புவாங்கன்னும் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் உங்க பொண்ணுக்கும் போட்டீங்க?"

"ஆமாங்க."

"போடுன்னு யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

மதியச் சாப்பாட்டு நேரம், ஆபீஸ் ரூமில் தனியாக உட்கார்ந்து போட்டது. "இல்லைங்க" என்றார்.

"எனக்கு வேற கேள்வி இல்லைங்க."

வக்கீலம்மா எழுந்து இரண்டு மையைக் காட்டினார், மாணவியின் வாக்குமூலத்தைக் கேட்க வேண்டும் என்றார், விதி எண்ணையும் சொன்னார். அதிகாரி மகள் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "அதுக்கு அவசியம் வரலை" என்றார். அவள் சீருடையின் மடிப்பு கலையாமல் எழுந்து நின்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

உத்தரவு பதினான்காம் நாள் தபாலில் வந்தது. பெயர் பதியும் கடைசி நாள் அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே முடிந்துவிட்டிருந்தது. நாலு பக்கம். விஷயம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அறியாமல் கையெழுத்திட்ட பெற்றோருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இம்மனுதாரர் அத்தகையவர் அல்லர். தாளின் நோக்கத்தை மற்ற எந்தப் பெற்றோரையும்விட நன்கு அறிந்தவர். தேதியின்றிக் கையெழுத்திட்டதன் மூலம் தேதியை நிரப்பும் உரிமையையும் அறிந்தே கொடுத்திருக்கிறார். எனவே விலகல் மனுதாரரின் சொந்த விருப்பத்தின் பேரிலேயே நிகழ்ந்தது. மனு தள்ளுபடி. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார். மேல்முறையீடு போடலாம் சார், ஒண்ணரை வருஷம் ஆகும் என்றார் அவர். அந்தப் பக்கம் யாரோ அவரை அடுத்த கேஸுக்குக் கூப்பிடுவது கேட்டது.

மகள் உத்தரவை வாங்கிக் கூடத்து மேஜையில் வைத்து முதல் வரியிலிருந்து படித்தாள். மத்தியான நேரம். அவளுடைய அம்மா கடையில் இருந்தாள். பெருக்கல் சார் எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அழுவாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்து வைத்திருந்தார். தோற்றாலும் நாம் பொய் சொல்லவில்லை, உன்னைப் போல நானும் நின்றேன் என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தைதான் அவர் கையில் மிச்சம் இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு தன்னைப் பற்றி அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்த விஷயமும் அது ஒன்றுதான்.

அவள் அழவில்லை. நாலாம் பக்கம்வரை படித்து, தாள்களை மடித்து உறையில் போட்டாள்.

"அப்பா."

"என்ன பாப்பா."

"வக்கீல் அக்கா சொன்ன மாதிரி படிக்கலன்னே சொல்லியிருக்கலாமேப்பா."

அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இருந்தது. "அது பொய்யாச்சே பாப்பா" என்றார்.

"தெரியும்ப்பா. சொல்லியிருக்கலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மழைக்குக் குடை எடுத்துப் போயிருக்கலாம் என்று சொல்கிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு உறையைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள், வந்து அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துப் போகப் பாத்திரத்தைக் கழுவினாள். அந்தப் பள்ளிக்கூடம் தன் பெண்ணிடமிருந்து படிப்பை மட்டும்தான் பிடுங்கிக்கொண்டது என்று பெருக்கல் சார் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.